ஏன் என்று கேட்ட பிறகு

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சல்ல. என் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றவர், தங்கியது ஆறு. அதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. பிள்ளை பெற்ற ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்து ஒருத்தி போய்விட்டால், "ஜன்னி கண்டுவிட்டது" என்பார்கள். அத்தோடு சரி. ஏன் என்று கேட்பவர் இல்லை.

சென்னையில் பிரசவத்துக்கென்றே ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது. 1882-ல் அது எழும்பூரில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. ஆனால் அது தொடங்கிய காலத்தில், டாக்டர்கள் கை கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்க வேண்டும் என்பதே உலகத்தில் வழக்கமாகியிருக்கவில்லை. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், ஒரு வார்டில் மட்டும் தாய்மார்கள் ஏன் அதிகம் சாகிறார்கள் என்று கேட்டார். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் அங்கே வருவதைக் கண்டுபிடித்துக் கை கழுவ வைத்தார். ஜன்னிச் சாவு வெகுவாகக் குறைந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் எழும்பூர் எட்டும் தூரமானது. ஆனால் இடுப்புவலி டைம்டேபிள் பார்த்து வருவதில்லையே! கடைசி வண்டி போன பிறகு வலி கண்டால் மருத்துவச்சிதான் கதி.

பிள்ளை பிறந்ததும் எல்லாரும் தொட்டிலைப் பார்ப்பார்கள். ஆபத்து அப்போதுதான் தாயிடம் தொடங்கும். கர்ப்பப்பை சுருங்காவிட்டால் ரத்தம் கொட்டும். இரண்டே மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். குழந்தை பிறந்தவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இதைத் தடுக்கத்தான். குழந்தைக்கும் முதல் மணி நேரம் முக்கியம். சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சேனை வைத்த காலம் நமக்கு நினைவிருக்கும். அந்தச் சீம்பால்தான் அதற்கு நோய் தடுக்கும் மருந்து.

தமிழ்நாட்டில் பெரிய மாற்றம் வந்தது, சாவைக் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு. பிரசவத்தில் தாய் இறந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2004-ல் அரசு ஆணை போட்டது. வீட்டாரிடமும் ஆஸ்பத்திரியிலும் விசாரிப்பார்கள். எப்போது வலி கண்டது, வண்டி எப்போது கிடைத்தது, ரத்தம் இருந்ததா, யார் பார்த்தார்கள் என்று மணிக்கணக்கு எடுப்பார்கள். தண்டிக்க அல்ல, அடுத்தவள் பிழைக்க. தாமதம் எங்கே என்று தெரிந்ததால்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் முறைவைத்து 24 மணி நேரமும் இருந்தார்கள். 2008-ல் 108 ஆம்புலன்சும் வந்தது.

2001-03-ல் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள், 2018-20-ல் 54. அகில இந்தியக் கணக்கு அப்போது 97. அந்த 54-ம் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்தான்.

பிரசவம் முடிந்து 42 நாள் வரை நேரும் சாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த நாட்களில் பெரும்பாலும் பெண் நம் வீட்டில்தான் இருப்பாள். ரத்தப்போக்கு அதிகமானாலும், காய்ச்சல் வந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் கஷாயம் வைத்துப் பார்க்க வேண்டாம்; உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவு சொல்வது வீட்டுப் பெரியவர்களாகிய நாம்தான்.