கணக்குப்பிள்ளையின் எழுத்து

எங்க ஊர்ப்பக்கம் கணக்குப்பிள்ளைக்குத் தனி அலுவலகம் கிடையாது, வீட்டுத் திண்ணைதான். ஊர் நிலமெல்லாம் அவர் பெட்டிக்குள் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவும் ஊர்க்கணக்கன் எழுத்து என்றே முடிகின்றன. வெள்ளைக்காரன் இந்த எழுத்தைப் பிடுங்கவில்லை. 1895இல் சட்டம் போட்டு வாரிசுச் சொத்தாக்கினான். அந்த வாரிசுரிமை செல்லாது என்று 1960இல் ஆந்திர வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் மணியக்காரரும் கர்ணமும் அசையவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பதவிகளையே ஒழித்தது. தேர்வெழுதிய கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சேரியிலிருந்து ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்ததைச் சின்ன விஷயமென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பிறப்பின் அதிகாரம் வேறு, எழுத்தின் அதிகாரம் வேறு. வரிவசூல், புறம்போக்குக் காவல், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் இருக்கட்டும், அடங்கலைப் பாருங்கள். பசலிதோறும் எந்தப் புலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதும் பதிவேடு அது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிய சட்டம் வந்தபோது வாய்மொழிக் குத்தகைக்காரன் கையில் ரசீது ஏது? அடங்கலில் பேர் ஏறியிருந்தால் வழக்காடலாம். ஏற்ற வேண்டியவரோ மிராசுதார் வீட்டுத் திண்ணையிலும் உட்காருகிறவர். உழுதவன் ஏட்டில் உழாதவனானான்.

1980 சட்டம் ஒழித்த பதவிகளில் தலையாரியும் வெட்டியானும் இல்லை. கர்ணத்தின் பின்னால் ஏடு தூக்கி நடந்தவர்கள், புதிய அலுவலர் பின்னாலும் அதே ஏட்டைத் தூக்கி நடந்தார்கள்.