பரணில் இருக்கும் ஃப்ளாப்பிகளும் இரண்டு பூட்டுகளும்

ஃப்ளாப்பி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு 'சேவ்' பொத்தானில் இருக்கும் சின்னப் படம், அவ்வளவுதான். நமக்கு அப்படியா? 1990களில் ஊரை விட்டு வேலைக்கு வந்த பல குடும்பங்களின் பரணில் இன்னும் ஒரு ஃப்ளாப்பி டப்பா இருக்கும். பழைய ரெஸ்யூம், கல்யாணப் பத்திரிகை, தமிழ்ச் சங்க மலருக்கு எழுதிய கட்டுரை, அப்பா பொறுமையாகத் தட்டச்சு செய்த குடும்ப வரலாறு என்று என்னென்னவோ அதில் கிடக்கும்.

அதையெல்லாம் இப்போது எடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும். நம் தமிழ்க் கோப்புகளுக்கு இரண்டாவது பூட்டுதான் பெரிய பூட்டு.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1971ல் ஐபிஎம் நிறுவனம் 8 அங்குல ஃப்ளாப்பியைக் கொண்டுவந்தது. 1976ல் 5.25 அங்குலம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் சோனியின் 3.5 அங்குல வட்டு. நாமெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்த 1.44 எம்பி வகை 1987ல் பரவத் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 துண்டுகள், துண்டுக்கு 512 பைட்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட்டுகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் கூட அதில் அடங்காது. ஆனால் வெறும் எழுத்து என்றால் ஒரு முழு நாவலே அடங்கும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதன் பிறகும் பல வருடங்களுக்கு அது எல்லா வீட்டிலும் இல்லை. அதனால் கோப்பு என்றால் ஃப்ளாப்பிதான், கையில் கொடுப்பதுதான். 1998ல் ஆப்பிள் தன் ஐமேக்கில் ஃப்ளாப்பி டிரைவே வைக்கவில்லை. 2011ல் சோனி விற்பனையை நிறுத்தியது. அரசு நடைமுறைகளில் ஃப்ளாப்பி கேட்கும் விதிகளை ஜப்பான் ஒழித்து முடித்தது 2024ல்!

இனி முதல் பூட்டு. வட்டில் இருப்பது மெல்லிய காந்தப் பூச்சு. வருடங்கள் போகப்போக அது வலுவிழக்கும். மும்பை, சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே போட்டால் டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த வட்டையும் கெடுக்கும். சாதாரண 1.44 எம்பி வட்டுக்கு ஒரு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதும். வட்டின் மூலையில் உள்ள சின்ன அடைப்பைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்துவிட்டுப் போடுங்கள். அப்போது யாரும் தெரியாமல் அதன் மேல் எழுத முடியாது. 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்பாக இழுக்காமல் முழு வட்டையும் ஒரே பிம்பமாக நகல் எடுத்துவிட்டு அந்த நகலில் வேலை செய்வது நல்லது. அமிகா, பழைய மேக் வட்டுகளுக்கு யுஎஸ்பி டிரைவ் உதவாது. பழைய டிரைவோடு கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசல் மாதிரி பலகைகளை இணைக்க வேண்டும். இவை காந்த அலையையே அப்படியே பதிவு செய்பவை.

இரண்டாவது பூட்டுக்கு நல்ல உதாரணம் ஓவியர் ஆன்டி வார்ஹால். 1985ல் கமடோர் நிறுவனத்துக்காக அமிகா கணினியில் படங்கள் வரைந்தார். 1987ல் இறந்துபோனார். ஃப்ளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் அவற்றை நகல் எடுத்தார்கள். கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன, படங்கள் திறக்கவில்லை! அவர் பயன்படுத்தியது வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருள். அதன் வடிவமே யாருக்கும் தெரியாது. அதை உடைத்துப் புரிந்துகொண்ட பிறகே 28 படங்கள் கிடைத்தன. செய்தி 2014ல் வெளிவந்தது.

நம் கதையும் இதேதான். யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அதற்கு ஆதரவு வந்தது விண்டோஸ் 2000ல்தான். அதுவரை ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைத் தங்கள் விருப்பப்படி உட்காரவைத்தார்கள். இலங்கைத் தமிழர்களிடம் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குப்பைதான் தெரியும். இணையத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் தரங்கள் வந்தன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010ல்.

ஆக, வட்டு படிக்கப்பட்டாலும் உள்ளே இருப்பது எந்தத் தமிழ் என்று தெரிய வேண்டும். வேர்டு கோப்பு என்றால் எழுத்துருவின் பெயர் அதிலேயே இருக்கும். வெறும் உரைக்கோப்பில் அதுவும் இருக்காது. வட்டில் எழுத்துருக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கட்டுரையோடு எழுத்துருவையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாவி. பெயர் தெரிந்துவிட்டால் மீதி சுலபம். ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல்தொகுப்பு உட்பட, பழைய தமிழை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன.

பெயர் தெரியாவிட்டால்? தட்டச்சு செய்தவரைத்தான் கேட்க வேண்டும். அந்த அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் இப்போது எழுபது, எண்பது வயது. டிரைவைக் காசு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். "எந்த ஃபான்ட்ல அடிச்சீங்கப்பா?" என்ற கேள்விக்குப் பதில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது கேட்டு, டப்பா மேலேயே எழுதி வையுங்கள்.