காரில் எரியும் மஞ்சள் விளக்கு: சாட்சியா, தீர்ப்பா?

காரின் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்குமுன், ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் பல சிறு விளக்குகள் ஒருசேர எரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவை அணைந்துவிடும். ஏன் இந்தச் சிறு ஒளிக்காட்சி? விளக்குகள் பழுதின்றி உள்ளன, தேவை வந்தால் எரியும் என்பதை நமக்கு மெய்ப்பிக்கவே.

எரிந்த விளக்குகளில் ஒன்று அணையாமல் நின்றுவிட்டால் என்ன பொருள்? சிவப்பு விளக்கானால் வண்டியை உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கலாம், பிரேக் கெட்டிருக்கலாம். எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கோ வேறு வகையைச் சேர்ந்தது. அது எரியும்போதும் கார் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். வண்டி குலுங்காது, ஓசை மாறாது. பிறகு எதற்காக அது எரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

கண்ணெரிச்சல் தந்த வானம்

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் அந்நகரை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்களில் நீர் வடிந்தது; தொண்டை எரிந்தது. அது போர்க்காலம். ஆகவே பகைவர்கள் நச்சு வாயுவை ஏவிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். தொழிற்சாலைகள் மீது பழி விழுந்தது. ஆனால் மூட்டம் மீண்டும் மீண்டும் வந்தது.

உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகென்ஸ்மித் என்ற வேதியியலார். நெதர்லாந்தில் பிறந்த இவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைக் காற்றிலிருந்து குளிர்வித்துப் பிரித்து ஆராய்ந்து வந்தவர் அவர். அதே முறையால் நகரத்தின் காற்றையும் குளிர்வித்துப் பார்த்தார். கார்களிலிருந்து வெளிப்படும் எரியாத ஹைடிரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களைத் தோற்றுவிக்கின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார்.

கார் உற்பத்தியாளர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் சட்டங்கள் படிப்படியாக வந்தன. 1967-இல் கலிபோர்னியா மாநிலம் காற்றுவள வாரியம் ஒன்றை அமைத்தது. ஹாகென்ஸ்மித்தே அதன் முதல் தலைவரானார். 1970-இல் அமெரிக்க அரசின் தூய காற்றுச் சட்டம், கார்ப் புகையிலுள்ள ஹைடிரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 90 விழுக்காடு குறைக்க வேண்டுமென ஆணையிட்டது.

எஞ்சினுக்கு ஒரு மூளை

இதற்கு விடையாக 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் வினையூக்கிக் கலம் பொருத்தப்பட்டது. பிளாட்டினம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்ட இக்கலத்தின் வழியே புகை செல்லும்போது நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தவையாக மாறுகின்றன. பின்னர் வந்த மும்முனை வினையூக்கி நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்து ஒழித்தது. ஆனால் அது ஒரு நிபந்தனை விதித்தது: ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற அளவிலேயே எஞ்சின் எரிய வேண்டும். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வினையூக்கியின் திறன் சரிந்துவிடும்.

பழைய கார்புரேட்டரால் இவ்வளவு நுட்பமாக அளந்து தர முடியாது. இங்குதான் ஆக்சிஜன் உணர்வி உதவிக்கு வந்தது. புகைக்குழாயில் செருகப்பட்ட ஒரு சிறு பீங்கான் கருவி இது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட்டும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் அளவும் மின்னழுத்தம் தரும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதை 1976-இல் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு இறக்குமதியான சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் அது முதலில் இடம்பெற்றது. உணர்வி சொல்வதைக் கேட்டு, நொடிதோறும் பெட்ரோலின் அளவைத் திருத்த ஒரு சிறு கணிப்பொறி தேவைப்பட்டது. இவ்வாறு எஞ்சினுக்கு ஒரு மூளை முளைத்தது.

இப்போது ஒரு புதிய சிக்கல் தோன்றியது. இந்த உணர்வி பழுதானால் என்ன ஆகும்? கணிப்பொறி ஒரு பொதுவான அளவில் பெட்ரோலைத் தந்து எஞ்சினை ஓட்டிவிடும். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னால் வெளியேறும் புகையில் நஞ்சு பல மடங்கு கூடிவிடும். அதைச் சுவாசிப்பவர் நடைபாதையில் செல்லும் குழந்தையாக இருக்கலாம். எண்ணெய் அழுத்த விளக்கு வண்டியைக் காக்க எரிகிறது. மஞ்சள் விளக்கோ, வண்டிக்குள் இல்லாதவர்களுக்காகவே முதன்மையாக எரிகிறது. அதன் வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத செய்தி இதுவே.

நூறு பூட்டு, நூறு சாவி

பழுதைக் கருவி கொண்டு கண்டறியும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. போல்க்ஸ்வாகன் நிறுவனம் 1971-இல் தன் கார்களில் ஒரு மையச் செருகுவாயை அமைத்தது. பணிமனையிலுள்ள பெரிய இயந்திரத்தின் கம்பியை அதில் செருகினால், மின்கலம் முதலிய உறுப்புகளின் நிலை தாளில் அச்சாகி வரும். ஆனால் அங்கே சோதித்தது பணிமனையின் இயந்திரம். கார் தன்னைத் தானே சோதித்துக் கொள்ளவில்லை.

1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் கணிப்பொறியைப் பொருத்தியது. பழுது கண்டால் அது எண் வடிவில் நினைவில் வைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். அந்த எண்ணைப் படித்த முறை வேடிக்கையானது. செருகுவாயிலுள்ள இரு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறிது இடைவெளி, பின் இரண்டு சிமிட்டல் என்றால் 12. மெக்கானிக் தாளும் பென்சிலுமாக அமர்ந்து சிமிட்டல்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழியில் சென்றன. அமெரிக்காவில் இறக்குமதிக் கார்களைப் பழுதுபார்த்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹோண்டாவின் சில கார்களில் சிமிட்டும் விளக்கு இருக்கைக்கு அடியிலுள்ள கணிப்பொறிப் பெட்டியின் மீதே இருந்தது. பி.எம்.டபிள்யூ. கார்களில் எஞ்சின் மூடியின் கீழ் 20 முனை கொண்ட வட்டச் செருகுவாய். மெர்சிடஸ் கார்களில் 38 முனை கொண்ட மற்றொரு வட்டச் செருகுவாய். ஒன்றின் கருவி மற்றொன்றில் பொருந்தாது. ஆகவே கார் வாங்கியவர் அந்நிறுவனத்தின் சொந்தப் பணிமனையையே நாடவேண்டிய நிலை வந்தது.

கலிபோர்னியா 1988-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் தற்சோதனை அமைப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் பூட்டும் சாவியும் பல வகையாகவே இருந்தன. 1990-இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது, பழுதுக்குறிகளை எவரும் படிக்க இயல வேண்டும், பழுதுபார்க்கத் தேவையான செய்திகளைத் தனிப் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்ற விதிகள் சேர்ந்தன. இதன் விளைவாக 1994 முதல் படிப்படியாகப் புகுந்த இரண்டாம் தலைமுறை அமைப்பு, 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. உள்நாட்டுக் கார், இறக்குமதிக் கார் என்ற வேறுபாடு இல்லை. ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் 16 துளை கொண்ட ஒரே வகைச் செருகுவாய். ஐந்து எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரே வகைப் பழுதுக்குறி. ஐரோப்பாவில் இது பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் வந்தது. இந்தியாவில் 2010-இல் முதற்கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன.

கார் தன்னையே சோதிப்பது எப்படி?

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். எஞ்சினின் ஓர் உருளையில் பெட்ரோல் எரியாமல் போனால் கணிப்பொறி எப்படி அறியும்? ஒவ்வொரு எரிதலும் கிராங்க் தண்டை இம்மியளவு விரைவுபடுத்துகிறது. தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் பற்கள் ஓர் உணர்வியைக் கடக்கும் நேரத்தைக் கணிப்பொறி அளக்கிறது. ஓர் எரிதல் தவறினால் அந்தப் பற்கள் மட்டும் சற்றுத் தாமதித்து வரும். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரை இது நினைவூட்டவில்லையா? எரியாத பெட்ரோல் வினையூக்கிக்குள் சென்று எரிந்தால் அதுவே உருகிப் போகலாம். அத்தகைய கடும் பழுதின்போது மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியும். அப்போது வேகத்தை உடனே குறைத்து, வண்டியைப் பணிமனையில் காட்ட வேண்டும்.

அடுத்து, வினையூக்கி. அதற்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் உணர்வியும் பின்னால் ஒன்றும் வைத்தார்கள். முன்னதன் மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல வினையூக்கி ஆக்சிஜனைத் தன்னுள் சேமித்து வழங்குவதால் பின்னதன் மின்னழுத்தம் ஏறத்தாழ அசையாது நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் வினையூக்கி களைத்துவிட்டது என்று பொருள்.

ஒருமுறை ஐயம் தோன்றியதும் விளக்கு எரிந்துவிடுவதில்லை. பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதியான பின்னரே அது எரியும். பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பம், சுமை ஆகியவை எவ்வளவு என்பதையும் கணிப்பொறி ஒரு நிழற்படம்போல் பதிந்து வைக்கிறது.

குறி சொன்னால் போதுமா?

இன்று கையடக்கக் கருவியைச் செருகினால் பழுதுக்குறி கணப்பொழுதில் தெரிந்துவிடும். ஆனால் அதைப் படிப்பது சோதனையின் தொடக்கமே தவிர, முடிவன்று.

பி 0171 என்ற குறியை எடுத்துக் கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்பதே அதன் பொருள். இதைக் கண்டதும் ஆக்சிஜன் உணர்வியை மாற்றிவிடுவோர் உண்டு. செலவு ஆகும், விளக்கோ மறுபடியும் எரியும். உணர்வி உண்மையைத்தான் சொன்னது. செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதால் என்ன பயன்?

தேர்ந்த சோதனையாளர் மேலும் ஒரு கேள்வி கேட்பார்: கணிப்பொறி பெட்ரோலை எப்போது அதிகமாகக் கூட்டித் திருத்துகிறது? எஞ்சின் மெல்ல ஓடும்போது திருத்தம் மிகுந்து, வேகம் கூடும்போது குறைந்தால், உள்ளிழுக்கும் குழாயில் எங்கோ காற்றுக் கசிவு இருக்கக்கூடும். ஏனெனில் எஞ்சின் சிறிதளவு காற்றை இழுக்கும் வேளையில் கசிவு பெரும் பங்காகிறது. மிகுதியாக இழுக்கும்போது அதே கசிவு அற்பமாகிவிடுகிறது. மாறாக, சுமை ஏறஏறத் திருத்தமும் ஏறினால், ஐயம் பெட்ரோல் பம்ப்பின் மீதும் வடிகட்டியின் மீதும் காற்றளவியின் மீதும் திரும்பும். அதன் பிறகு, கசிவைத் தேடக் குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்ப்பார். அல்லது அழுத்தமானியால் பெட்ரோலின் அழுத்தத்தை அளப்பார். ஐயம், ஊகம், சோதனை, முடிவு. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் அதே முறைதான் இது.

குறியை அழித்து விளக்கை அணைத்துவிடுவதும் எளிது. ஆனால் அதனுடன் பதிவான நிழற்படமும் அழிந்துபோகும். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் சாட்சி மட்டும் மறைந்துவிடும்.

விளக்கு பொய் சொல்லலாமா?

கருவியைச் செய்தவரே நேர்மை தவறினால்? இதற்கும் வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலையில் ஓடும் டீசல் கார்களிலேயே அளவுக் கருவிகளை ஏற்றிச் சென்று செய்த ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். சோதனைக்கூடத்தில் தேறிய போல்க்ஸ்வாகன் கார்கள் சாலையில் மிகுதியான நைட்ரஜன் ஆக்சைடுகளை உமிழ்ந்தன. 2015 செப்டம்பரில் உண்மை வெளிப்பட்டது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் கட்டளைகள் கணிப்பொறியில் எழுதப்பட்டிருந்தன. சாலையில் சட்ட அளவைப்போல் 40 மடங்கு வரை நஞ்சு வெளிப்பட்டதாக அரசு கூறியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் இக்கட்டளைகள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. அத்தனை நஞ்சு வெளியேறியும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. கணிப்பொறிக்கு அது பழுதாகவே சொல்லிக் கொடுக்கப்படவில்லை!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கார் தன்னைச் சோதித்துக் கொள்வது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் அதைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு கண்ணும் வேண்டும். பழுதுக்குறிகளை எல்லாரும் படிக்க இயல வேண்டும் என்ற விதியின் அருமை இதனால் விளங்குகிறது. எனினும் காற்றுப்பை, கியர் போன்ற பகுதிகளின் குறிகள் பல இன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகின்றன. பழுதுபார்க்கும் செய்திகளைத் திறந்துவிடக் கோரி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்துச் சட்டம் இயற்றினர். அந்தப் போராட்டம் முடிந்துவிடவில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தால் அஞ்சவும் வேண்டாம். அதை மறைக்கவும் வேண்டாம். பழுதுபார்ப்பவரிடம் "குறி என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அந்தக் குறிக்குக் காரணம் இதுதான் என்று எந்தச் சோதனையால் உறுதி செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். உங்கள் பணம் மிச்சமாகும். தெருவில் நடப்பவர் சுவாசிக்கும் காற்றும் தூய்மை பெறும்.