முதுசமும் அதன் ஆங்கிலமும்

மானிப்பாய் என்றதும் தமிழறிந்தார் பலரின் நினைவுக்கு முதலில் வருவது ஓர் அகராதியே. 1842ஆம் ஆண்டில் அவ்வூர் அமெரிக்க மிஷன் அச்சியந்திரசாலையில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதிக்கு மானிப்பாய் அகராதி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அந்நூல் தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறுவது. தமிழுக்கு ஆங்கிலம் கூறும் வேலை வேறு. யோசேப்பு நைற் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அவ்வேலை பல கைகள் மாறி, 1862இல் சென்னையில் வின்சுலோ அகராதியாக வெளிவந்தது.

இருமொழி அகராதி செய்வோர் மரத்துக்கும் மீனுக்கும் பெயர் கண்டுபிடித்துவிடலாம். குலத்தையும் சொத்தையும் குறிக்கும் சொற்களே அவர்களை இடர்ப்படுத்துவன. குடிப்பிறப்பு என்பதை ஆங்கிலத்தில் பிரபு வமிசம் என்று பெயர்த்தால், மன்னன் வழங்கிய பட்டமும் பரம்பரை நிலமும் கண்முன் எழும். திருக்குறளின் குடிமை அதிகாரமோ அதனை ஒழுக்கத்தாலும் வாய்மையாலும் நாணத்தாலும் அளக்கின்றது. குலத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய 'காஸ்ட்' என்னும் பெயரும் போர்த்துக்கேயர் தம் மொழியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதே.

சொத்தைப் பொறுத்தவரை சொற்பிழை காணிப்பிழையாகவும் ஆகக்கூடும். யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தம் மொழியில் எழுதி முடித்தார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு விடப்பட்டது. இதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் இதனைச் சட்டமாக ஏற்றனர். அந்நூலில் கணவன் கொணர்ந்தது முதுசம், மனைவி கொணர்ந்தது சீதனம், இருவரும் மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். ஆங்கிலத்தில் எழுதியோர் இம்மூன்று தமிழ்ச் சொற்களையும் அகற்றாது வைத்து, அருகே விளக்கம் மட்டும் சேர்த்தனர். அது விவேகமான செயலே.

முதுசொம் என்பதே முதுசம் ஆயிற்று. சொம் என்றால் சொத்து. முதுசொம் முன்னோர் சொத்து. தந்தை என்னும் பொருள் அச்சொல்லில் எங்கும் இல்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பெற்றோரிடமிருந்தோ அவர்க்கு மேற்பட்ட முன்னோரிடமிருந்தோ இறப்பின்பின் வந்து சேர்வது முதுசம் என்றே வரையறுத்தது. தாயின் காணியும் இதில் அடங்கும். ஆயினும் அடைப்புக்குறிக்குள் இட்ட ஆங்கிலம் 'பற்றிமோனியல்' என்பது. அதன் வேரோ தந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்! ஏனைய உறவினர் வழி வருவதற்கு 'உரிமை' என்று பெயரிட்டு, அதற்கு ஆங்கிலமாக 'பற்றிமோனியல் அல்லாதது' என்றனர். பரந்த பொருளுடைய அத்தமிழ்ச் சொல்லுக்கு இங்கே சிறிய வேலைதான் கிடைத்தது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பிள்ளையின்றி இறந்தவரின் முதுசம் வந்த வழியே திரும்பவேண்டும் என்பது தேசவழமையின் அடிப்படை நெறி. தாய்வழி வந்த காணி தாயின் உறவினரை நோக்கியே செல்லும். ஆங்கிலச் சொல்லை மாத்திரம் நம்பி ஒருவர் வழக்குப் பேசுவாராயின், தாய்வழியார்க்குரிய பங்கு அவர் கண்ணிலேயே படாது. சீதனத்துக்கு இட்ட 'டவுரி' என்பதும் இத்தகையதே. அது மணமகன் வீட்டார் பெறும் பொருள் என்று பலர் எண்ணுவர். தேசவழமையிலோ சீதனம் மனைவியின் தனிச்சொத்து. எனினும் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

1947இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது தேடியதேட்டத்தின் வரையறை மாறியது, பெயர் மாறவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தீர்ப்புகளிலும் முதுசம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் உரோம எழுத்தில் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன.