'எல்' என்னும் ஓர் எழுத்து

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கட மூத்தவாப்பாட காணி உறுதியில ஏ.எல். எண்டு கிடக்கு. அந்த எல் எண்டா என்ன?"

"பெரும்பாலும் லெப்பைதான்" என்றேன். அந்தப் 'பெரும்பாலும்' பிறகு என்னை விடவில்லை.

லெப்பை என்ற சொல்லின் பிறப்புப் பற்றி ஒரே முடிவு இல்லை. ஹாஜிமார் முழங்கும் 'லப்பைக்'கிலிருந்து வந்தது என்பது நம்மவரிடையே வழங்கும் ஒரு விளக்கம். பொருளோ இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் அது ஒரு சமூகத்தின் பெயர். அங்குள்ள அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் இராவுத்தரையும் மரக்காயரையும் லெப்பைக்குள்ளேயே அடக்குகிறது. இலங்கையில் லெப்பை என்றால் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர், பள்ளிவாசல் பணி செய்பவர். அதுவே மனிதர்களின் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை பள்ளிவாசல் லெப்பையல்லர், சட்டத்தரணி.

ஆங்கிலேயர் காலத்தில் பெயரின் முன்பகுதி ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கியது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டார். 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். அவர் பெயரில் எல் என்பது லெப்பை, எம் என்பது மரைக்கார். சோனகர் யார் என்று வாதாடியவரின் குடும்ப வரலாறும் எழுத்துகளுக்குள்தான் ஒடுங்கிக் கிடந்தது.

ஊருக்குள் இது தொல்லையில்லை. யூ.எல். என்றால் உதுமாலெப்பை, எம்.எல். என்றால் மீராலெப்பை என்று ஆளைத் தெரிந்தவர்கள் விரித்துக்கொள்வார்கள். ஆளையும் ஊரையும் பிரித்துவிட்டால் எழுத்து ஊமையாகிவிடும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது வன்னியில் நடந்தது அதுதான். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அகதிகளாயினர். பலர் புத்தளத்தில் தங்கினர். எழுத்தை விரித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் பலர் அங்கேயே மௌத்தானார்கள். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியவர்கள் காணிக்கு உரிமை கேட்டபோது, தாள்களில் இருந்த பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளையின் வாப்பாவுடைய பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். தகப்பன் பெயர் அப்துல் லத்தீப். நான் சொன்னது பிழை. நானே ஒரு கடிதத்தில் அகமது லெப்பை என்று விரித்து எழுதிக் கொடுத்திருந்தால், ஒரே மனிதர் இரண்டு பேராகியிருப்பார். காணியும் தள்ளிப் போயிருக்கும்.

இப்போது என் மாணவரிடம் ஒரு வேலை சொல்கிறேன்: வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே முதலெழுத்துகளை முழுப் பெயராகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். லெப்பையா லத்தீபா என்பதை அகராதி சொல்லாது. மூத்தம்மா சொல்லுவா.