வேட்டை இறைச்சியையும் கொம்புகளையும் கொண்டுசெல்லல்

வேட்டை இறைச்சியையும் கொம்புகளையும் கொண்டுசெல்லல் என்பது, வேட்டையில் கொல்லப்பட்ட பெருவிலங்கின் உண்ணத்தக்க இறைச்சியையும், கொம்பு, தோல், மண்டையோடு முதலிய நினைவுப்பொருட்களையும் காட்டிலிருந்து வேட்டைக்காரரின் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதைக் குறிக்கும். உரிமம் பெற்று வேட்டையாடுவது பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்பணி விரிவான சட்டங்களுக்கு உட்பட்டது. இறைச்சி வீணாகாமல் தடுத்தல், சட்டவிரோத வேட்டையைத் தடுத்தல், விலங்கு நோய்கள் பரவாமல் காத்தல் ஆகிய மூன்றும் இச்சட்டங்களின் முதன்மை நோக்கங்களாகும். இக்கட்டுரை வட அமெரிக்க நடைமுறைகளை விளக்குகிறது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் விற்பனைக்காக வேட்டையாடுதல் ஒரு தொழிலாகவே நடந்தது. அமெரிக்கக் காட்டெருமைகள் பெரும்பாலும் தோலுக்காகவும் நாக்குக்காகவும் கொல்லப்பட்டு, எஞ்சிய உடல்கள் சமவெளிகளில் அழுகவிடப்பட்டன. தொடர்வண்டிப் பாதைகள் பெருகியதால் ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகக் கொல்லப்பட்ட விலங்குகளை வேறொரு மாநிலத்தின் சந்தையில் விற்பது எளிதாயிற்று.

இதைத் தடுக்க, அயோவா மாநிலத்தைச் சேர்ந்த காங்கிரசு உறுப்பினர் ஜான் லேசி கொண்டுவந்த லேசி சட்டம் 1900 மே 25 அன்று குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லியின் ஒப்புதலைப் பெற்றது. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட விலங்கை மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வது நடுவண் அரசின் சட்டப்படியும் குற்றம் என இது வகுத்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது.

இறைச்சியைப் பேணுதல்

இறைச்சி கெடுவதற்கு முதற்காரணம் வெப்பம். விலங்கின் உடல் பெரிதாக இருந்தால் உள்வெப்பம் வெளியேற நீண்ட நேரம் ஆகும். குறிப்பாக, பின்தொடையின் எலும்பை ஒட்டிய பகுதி வெளியே தெரியாமலேயே கெட்டுவிடக்கூடும். எனவே பின்வரும் முறை பின்பற்றப்படுகிறது:

- குடலை உடனே அகற்றித் தோலை உரித்தல்.
- முன்தொடைகள், பின்தொடைகள், முதுகுத்தசை, கழுத்து, விலா எனத் துண்டுகளாகப் பிரித்தல்.
- துண்டுகளைக் காற்றுப் புகும் பருத்திப் பைகளில் இட்டு நிழலில் தொங்கவிடுதல். ஞெகிழிப் பைகள் வெப்பத்தையும் ஈரத்தையும் அடைத்துவைப்பதால் சூடான இறைச்சிக்கு உகந்தவை அல்ல.
- இயன்ற விரைவில் 4 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தல்.

மானினத்தில் மிகப் பெரியது மூஸ். அலாஸ்காவில் ஒரு பெரிய மூஸிலிருந்து ஏறத்தாழ 225 கிலோகிராம் இறைச்சி கிடைக்கும். சாலை இல்லாத சதுப்பு நிலத்தில் இதை முதுகில் சுமந்து பலநடை நடந்தே வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். ஆகவே, சுடுவதற்கு முன்பே தூரத்தையும் ஆட்பலத்தையும் கணக்கிடுவது வேட்டைக்காரரின் கடமையாகக் கருதப்படுகிறது.

இறைச்சிக்கே முன்னுரிமை

உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துச்செல்வது அலாஸ்காவில் தண்டனைக்குரிய குற்றம். மூஸ், கரிபு போன்றவற்றின் கொம்பை, இறைச்சியின் கடைசிச் சுமையோடு அல்லது அதற்குப் பின்னரே வேட்டையிடத்திலிருந்து அகற்றலாம். சில வேட்டைப் பகுதிகளில், காட்டை விட்டு வெளியே வரும்வரை தொடை, விலா இறைச்சி எலும்போடு இருக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. இறைச்சி முழுவதும் மீட்கப்பட்டதா என்பதை இதனால் அலுவலர்கள் எளிதில் சரிபார்க்க இயலும்.

நோய்த் தடுப்பு

மானினங்களைத் தாக்கி மூளையை அழிக்கும் நாட்பட்ட உடல்மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களில் முதன்முதலாகக் காணப்பட்டது. இதற்குக் காரணம் பிரியான் எனப்படும் திரிந்த புரதம். இதற்கு மருந்தோ தடுப்பூசியோ இல்லை. சமைக்கும் வெப்பத்தில் பிரியான் அழிவதில்லை. மண்ணில் பல்லாண்டுகள் நிலைத்திருக்கவும் வல்லது. எனவே நோயுற்ற மானின் மூளையும் முதுகெலும்பும் குப்பையாக எறியப்பட்டால், நோய் இல்லாத பகுதியிலும் தொற்று வேரூன்றலாம்.

2016இல் இந்நோய் நார்வே நாட்டின் காட்டுக் கலைமான்களில் கண்டறியப்பட்டபோது, நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில் 2,000-க்கும் மேற்பட்ட மான்களைக் கொண்ட கூட்டம் முழுவதும் அழிக்கப்பட்டது. ஒருமுறை பரவிய பின் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

இதனால் பல அமெரிக்க மாநிலங்கள் மானின் முழு உடலை வெளியிலிருந்து கொண்டுவரத் தடை விதித்துள்ளன. பொதுவாக அனுமதிக்கப்படுபவை:

- எலும்பு நீக்கிய இறைச்சி
- தலை நீக்கிய தோல்
- தசையும் மூளைத்திசுவும் நீக்கித் தூய்மைசெய்த மண்டையோடும் கொம்பும்
- முழுமையாகப் பாடம் செய்யப்பட்ட தலை

காட்டில் எலும்போடு வைத்திருக்கவேண்டிய இறைச்சியை மற்றொரு மாநிலத்துக்குள் நுழையும் முன் எலும்பு நீக்கவேண்டிய நிலையும் இதனால் ஏற்படலாம். வேட்டையிடம், வழியில் கடக்கும் மாநிலங்கள், சொந்த மாநிலம் ஆகிய அனைத்தின் விதிகளும் பொருந்தும். இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. எனினும், நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ணவேண்டாம் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது.

விமானத்தில் கொண்டுசெல்லல்

இறைச்சியை உறையவைத்து, கசியாத குளிர்பெட்டியில் அனுப்புவதே வழக்கம். உலர் பனிக்கட்டி பயன்படுத்தினால், பயணி ஒருவருக்கு 2.5 கிலோகிராம் என்பது அமெரிக்க வரம்பு; விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. அது ஆவியாகி வெளியிடும் கரியமில வாயு பெட்டியை வெடிக்கச் செய்யக்கூடும் என்பதால் பெட்டியைக் காற்றுப்புகாமல் அடைத்தல் கூடாது. கொம்பின் கூர்முனைகள் உறையிட்டு மூடப்படவேண்டும். தோலை உப்பிட்டு நீர் வடியவிட்டே கட்டவேண்டும்.

நாட்டு எல்லைகள்

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை (1973இல் கையெழுத்தானது, 1975இல் நடைமுறைக்கு வந்தது) வேட்டை நினைவுப்பொருட்களையும் உள்ளடக்கும். சட்டப்படி வேட்டையாடியது என்பதாலேயே அப்பொருளை நாட்டுக்குள் கொண்டுவரும் உரிமை கிடைத்துவிடாது. 2008 மே மாதம் பனிக்கரடி அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அமெரிக்காவில் பட்டியலிடப்பட்டதும், கனடாவில் உரிமத்துடன் வேட்டையாடப்பட்ட பனிக்கரடியின் தோலையும் மண்டையோட்டையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. 2015 சூலையில் சிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டதை அடுத்து, டெல்ட்டா உள்ளிட்ட சில அமெரிக்க விமான நிறுவனங்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகியவற்றின் நினைவுப்பொருட்களை ஏற்றிச்செல்ல மறுத்தன.