மீம்

பொருள்: இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவும் படம், காணொளித் துணுக்கு அல்லது வாசகம். பெரும்பாலும் நகைச்சுவைக்கு உரியது.

தோற்றம்: பிறந்த இடம் உயிரியல். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் வெளியிட்ட 'தி செல்ஃபிஷ் ஜீன்' நூலில் இச்சொல்லை உருவாக்கினார். மரபணு உடல்வழி பெருகுவதைப் போல, மெட்டும் பழமொழியும் நடையுடை வழக்கமும் மனிதர் பார்த்துச் செய்வதால் பெருகுகின்றன என்றார். அந்தப் பண்பாட்டு அலகுக்குப் பெயர் தேடியவர், 'போலச் செய்யப்பட்டது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து, 'ஜீன்' என்பதோடு ஓசை ஒத்துவர 'மீம்' எனச் சுருக்கினார். ஊமைக்கூத்தைக் குறிக்கும் 'மைம்' இதே வேரில் கிளைத்தது. 1994இல் மைக் காட்வின் 'வயர்டு' இதழில் எழுதிய கட்டுரை 'மீம்' என்பதை இணையப் பரவலுக்குப் பொருத்தியது.

வழக்கு: தமிழில் ஒன்றே ஆனாலும் 'மீம்ஸ்' என்பதே பேச்சு வழக்கு; வினை 'மீம்ஸ் போடுதல்'. இங்கே இதன் ஊற்றுக்கண் திரைப்படம், முதன்மையாக நகைச்சுவை நடிகர் வடிவேலு. 'ஃப்ரண்ட்ஸ்' (2001) படத்தில் அவர் நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல், 2019 மே மாதம் உலக அளவில் ட்விட்டர் பேச்சானது. சுத்தியல் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டவருக்கு, நேசமணியைச் சொல்லித் தமிழர் ஒருவர் தந்த பதிலே அதன் தொடக்கம்.

ஒருவர் கண்டு சிரித்ததை அடுத்தவருக்குக் கொடுப்பதும், வாங்கியவர் தம் பங்குக்கு மாற்றிக் கொடுப்பதுமே மீமின் உயிர்.